தனியாகப் புதைத்துவிட்டு வந்த மாமா

கேள்வி: தேவகோட்டை பக்கம் சின்னக் கிராமம். கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர், ஒரு பசு, கொஞ்சம் வெள்ளாடு. மாசியில் பசு கிடாரிக் கன்று ஈன்றது. சீம்பால் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தோம். ஆடும் மூன்று குட்டி போட்டது. பிள்ளைகள் தினமும் குட்டிகளை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பங்குனி பிறந்ததும், நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்த இரண்டு குட்டிகள் ஒரே நாளில் செத்துவிட்டன. என் மாமனார் (வயது 74) தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. பங்குனி உத்திரத்துக்கு அவர் குன்றக்குடி போகிற அன்று தரகரை வரச்சொல்லி எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர். சரிதானே?

பதில்: சரியில்லை. "தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பங்குனி வெயிலில் உங்கள் பக்கத்துச் செம்புறாங்கல் பூமி எப்படி இறுகிக் கிடக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடப்பாரையே இறங்காது. நாய் தோண்டாத ஆழத்துக்கு அதில் குழி வெட்ட அந்த மனிதர் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருப்பார்? உங்கள் வீட்டுக்காரர் அப்போது எங்கே இருந்தார்? ஸ்டேட்டஸ் வைத்த பிள்ளைகள் எங்கே?

அறுப்பு முடிந்த கையோடு இப்படிக் கடிதங்கள் வரும். எல்லாரும் பெரியவர் மனதை எப்படி மாற்றுவது என்றுதான் கேட்கிறார்கள். சீம்பாலுக்குத் தெருவே உறவு, குழி வெட்ட அவர் ஒருவர்தான் என்றால் அவர் யாரிடம் பேசுவார்? அவர் பேசாமல் இருப்பதற்கு ஆடு மாடு காரணம் இல்லை அம்மா, நீங்கள்தான் காரணம். இதில் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தொழுவத்தைக் காலி செய்வதா? பெற்றவருக்குத் தெரியாமல் அவர் வளர்த்ததை விற்பது என் கணக்கில் திருட்டு. விற்க வேண்டும் என்று தோன்றினால் உங்கள் கணவர் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும். அவர் விற்கலாம் என்றால் விலையை அவரே பேசட்டும்.

இன்னொன்று. மூன்றில் இரண்டு போனால் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆரோக்கியமான குட்டி திடீரென்று விழுவது பெரும்பாலும் துள்ளுமாரி நோயில்தான். வயிறு முட்டத் தின்ற கொழுத்த குட்டியைத்தான் அது பிடிக்கும். அறுத்த வயலில் சிந்திய நெல்லை மேய்ந்ததா என்று மாமாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். நோய் வந்தபின் வைத்தியத்துக்கு நேரம் கொடுக்காது, முன்கூட்டியே தடுப்பூசிதான் வழி. அரசு கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள், வருடா வருடம் போட வேண்டும். அவசரம் என்றால் 1962க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். இவ்வளவும் அந்த வீட்டில் ஒரு கிழவர் தலையில் மட்டும் ஏன்?

தரகரை வர வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். நாளைக் காலையில் உங்கள் மகன் அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு, ஐயாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மருந்தகத்துக்குப் போகட்டும். பரீட்சை இருக்கிறது என்று சொன்னால், மருந்தகம் காலையிலேயே திறந்துவிடும், போய்விட்டு வந்து படிக்கச் சொல்லுங்கள்.