அமெரிக்காவைப் படிக்க பெர்லினுக்கா என்று கேட்கும் அப்பாவுக்கு

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா நீளமாக எழுதியிருக்கிறார். மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம், கடைசி வருடம். கல்லூரியில் வந்த அமெரிக்க இலக்கியத் தாளில் ஆரம்பித்த ஆர்வம், அங்கிருந்து அமெரிக்க உள்நாட்டுப் போர், அடிமை முறை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், கனடா பூர்வகுடிகளின் நில வழக்குகள் என்று போய்க்கொண்டே இருக்கிறதாம். இப்போது ஐரோப்பாவில், அதுவும் பெர்லினில், வட அமெரிக்க ஆய்வில், அதாவது அமெரிக்கா, கனடா பற்றிய படிப்பில், எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறாள். நியூ ஜெர்சியில் இருக்கும் தாய்மாமாவுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. "அமெரிக்காவைப் படிக்கணும்னா அமெரிக்காவுக்கு வரட்டும், இல்லைன்னா ஒழுங்கா பிசினஸ் அனலிடிக்ஸ் படிக்கச் சொல்லுங்க அத்தான்" என்கிறார். ஊரில் இருக்கும் வெளிநாட்டுக் கல்வி ஏஜென்ட்டோ ஒரே வருடத்தில் முடியும் ஒரு படிப்பைக் காட்டி, வங்கிக் கடனுக்கும் ஆள் வைத்திருக்கிறாராம். "நீங்க சொன்னா கேப்பா சார், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று முடித்திருக்கிறார்.

உங்கள் கவலை புரிகிறது சார். ஒரு பெண் பிள்ளை, தெரியாத ஊர், பெயரே கேள்விப்படாத படிப்பு, யாருக்கும் பயம் வரும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அறிவுரையை அவளுக்கு நான் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உங்களிடமும், உங்கள் மச்சானிடமும்தான்.

முதலில் பிசினஸ் அனலிடிக்ஸ். அவள் பிளஸ் டூவோடு கணக்கை விட்டவள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அந்த எம்.எஸ். முடிக்கக் கட்டணமும் சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து வீட்டை அடகு வைக்கும் தொகை ஆகும். முடித்த பிறகு எச்1பி வேலை விசா குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் அங்கே நிலைக்க முடியும். விருப்பமும் இல்லை, அடித்தளமும் இல்லை, கடன் மட்டும் உண்டு. இதை யாராவது பாதுகாப்பான வழி என்று சொன்னால் என்னால் சும்மா தலையாட்ட முடியாது. மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்தத் தவணையைக் கட்டப் போவது அவரில்லை.

சரி, அமெரிக்காவிலேயே இந்தப் பாடத்தை எம்.ஏ. படிக்கலாமே? அங்கே இலக்கியம், வரலாறு மாதிரியான துறைகளில் முழு உதவித்தொகை பெரும்பாலும் பி.எச்டி. மாணவர்களுக்குத்தான் போகும். எம்.ஏ. மாணவர் கைக்காசு போட்டுப் படிப்பதுதான் வழக்கம். ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை கேட்க மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். அது இப்போது அவளிடம் இல்லை.

இனி பெர்லின். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வென்ற நாடுகள் பிரித்துக்கொண்ட நகரம் அது. 1948-ல், சோவியத் பகுதியில் இருந்த பழைய பல்கலைக்கழகத்தின் கெடுபிடி தாங்காமல் வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் அமெரிக்கப் பகுதியில் தொடங்கியதுதான் ஃப்ரையே பல்கலைக்கழகம். அங்கே 1963-ல் வட அமெரிக்காவுக்கென்று தனி நிறுவனம் உருவாகக் காரணமாக இருந்தவர் எர்ன்ஸ்ட் ஃப்ராங்கெல். யூத வழக்கறிஞர், ஹிட்லர் ஆட்சியிலிருந்து 1938-ல் தப்பி அமெரிக்கா போய் அங்கே மறுபடி சட்டம் படித்தவர், போருக்குப் பிறகு பெர்லினுக்கே திரும்பி வந்தவர். அதே 1963 ஜூன் 26 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி பெர்லின் வந்தபோது இந்தப் பல்கலைக்கழகத்திலும் பேசினார். நவம்பரில் அவர் கொல்லப்பட்ட பின் நிறுவனத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஜான் எஃப். கென்னடி நிறுவனம், டாலெம் பகுதியில், இன்றும் அதே பெயரில் நடக்கிறது. பனிப்போரின் நடுவில், அமெரிக்காவைச் சார்ந்து வாழ்ந்த ஒரு நகரம், அமெரிக்கா என்ன செய்யும், ஏன் செய்யும் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டிய கட்டாயத்தில் உருவாக்கிய இடம் அது. ஐரோப்பாவில் என்ன இருக்கு என்று கேட்கும் மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

படிப்பு இரண்டு வருடம், நான்கு பருவம், 120 கிரெடிட், ஆங்கிலத்தில். பண்பாடு, இலக்கியம், வரலாறு, அரசியல், சமூகவியல், பொருளாதாரம் என்று ஆறு துறைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு இது ஏன் பொருந்தும் என்றால், அவள் இலக்கியத்திலிருந்து தீர்ப்புக்கும், தீர்ப்பிலிருந்து நில வழக்குக்கும் தாவுகிற ஆள். அமெரிக்காவில் ஆங்கிலத் துறையில் சேர்ந்தால் ஆங்கிலத் துறைதான். பெர்லினில் ஒரு நாவலைப் படித்துக்கொண்டே அது எழுதப்பட்ட காலத்தின் கூலி, வாக்குரிமை, குடியேற்றச் சட்டம் எல்லாவற்றையும் அந்தந்தத் துறை ஆசிரியரிடமே கேட்கலாம். நூலகம் வேறு இருக்கிறது, வட அமெரிக்கா பற்றி ஐரோப்பாவில் உள்ள மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களோடு மாணவர் பரிமாற்றமும் உண்டு. இடம் கிடைத்தால் ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்கலாம், போட்டி கடுமை என்பதால் அதை நம்பி மட்டும் போக வேண்டாம்.

தேர்வு எழுதி மார்க் வாங்கிப் பழகியவர்களுக்கு அங்கே முதல் பருவம் திணறலாகத்தான் இருக்கும். வகுப்பில் வாயைத் திறந்து பேச வேண்டும், பருவ முடிவில் சொந்தக் கேள்வியோடு நீண்ட கட்டுரை எழுத வேண்டும், கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. ஓர் உதாரணம்: 1986 ஆகஸ்ட்டில், மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று 155 ஈழத்தமிழர்களை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கி நடுக்கடலில் விட்டுப் போனது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள்தான் அவர்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். ஜெர்மன் நாளிதழ்கள், கனடிய நாடாளுமன்ற விவாதம், டொரண்டோவில் குடியேறிய தமிழர்கள் சொல்லும் நினைவுகள், இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க ஜெர்மனும் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஒருத்தி வேண்டும். அந்த வகுப்பில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். அவளிடம் இப்போது இருக்கும் தமிழ் அங்கே ஒரு ஆய்வுக் கருவி சார், இங்கே யாரும் அதை ஒரு தகுதியாகவே எண்ணுவதில்லை.

பணம். இதில் நான் கறாராகத்தான் பேசுவேன்.

பெர்லினில் படிப்புக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு 300 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு தொகை கட்ட வேண்டும், ரயில் பஸ் பயணச் சீட்டு அதற்குள்ளேயே வந்துவிடும். விசாவுக்காக, முதல் வருடச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கக் கணக்கு என்ற ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம். அது யாருக்கும் கட்டும் கட்டணமில்லை, உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே வரும். ஆனால் பெர்லினில் அறை கிடைப்பது பெரும்பாடு, வாடகையும் ஏறிவிட்டது, மருத்துவக் காப்பீட்டுக்கே மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும், ஆக 992-ல் இழுத்துப் பிடித்துத்தான் வாழ முடியும். மாணவர்கள் வருடத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அதை வைத்து இரண்டாம் வருடத்தைச் சமாளிக்கலாம், முதல் வருடத்தை அதை நம்பித் திட்டமிடக் கூடாது. அந்தப் 12 லட்சமும் அதற்கு மேல் டிக்கெட், விசா, ஆரம்பச் செலவு என்று இரண்டு லட்சமும் கையில் இல்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். அந்த வருடத்தில் அவள் வேலை பார்க்கட்டும், ஜெர்மன் படிக்கட்டும். வீட்டுப் பத்திரம் வெளியே போக வேண்டாம், நகையும் வேண்டாம்.

ஏஜென்ட் காட்டிய ஒரு வருடப் படிப்பு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில். நல்ல இடம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐரோப்பியர் அல்லாதவருக்குக் கட்டணம் மட்டும் 20,000 யூரோவுக்கு மேல், வாழ்க்கைச் செலவு தனி. கடன் வாங்கிப் போய், வகுப்பு புரிபடத் தொடங்கும்போதே ஆய்வேடு வந்து நிற்கும், அடுத்த சில மாதத்தில் தவணை ஆரம்பிக்கும். பெர்லினை அவர் ஏன் சொல்லவில்லை என்றால், ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆள் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன் வராது. ஜெர்மனியிலேயே இன்னொரு விண்ணப்பமும் போடச் சொல்லுங்கள், பான் பல்கலைக்கழகத்திலும் வட அமெரிக்க ஆய்வு எம்.ஏ. இருக்கிறது, அங்கேயும் படிப்புக் கட்டணம் இல்லை. ஹைடல்பெர்க்கில் அமெரிக்க ஆய்வு மையம் பேர் பெற்றது, ஆனால் அந்த மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் கேம்பஸ் இன்டர்வியூவில் தூக்கிக்கொண்டு போகும் படிப்பு இல்லை இது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. பெர்லினில் அட்லாண்டிக் உறவுகளைப் பற்றியே வேலை செய்கிற ஜெர்மன் மார்ஷல் நிதியம், ஆஸ்பென் நிறுவனம் போன்றவை இருக்கின்றன, பத்திரிகைகள், அருங்காட்சியகங்கள், அகதிகளுக்கான அமைப்புகள் இருக்கின்றன. படிக்கும்போதே அங்கே பயிற்சிக்குச் சேர்ந்து முகம் தெரிய வைத்தவர்களுக்குத்தான் பிறகு கதவு திறக்கும். அதற்கு ஜெர்மன் வேண்டும். ஃப்ரீட்ரிஷ் ஏபெர்ட், ஹைன்ரிஷ் ப்யோல் மாதிரியான அறக்கட்டளைகள் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகைக்கும் நல்ல ஜெர்மன் வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று மொழியை விட்டவர்கள் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்த 18 மாதத்தையும் கழித்துவிடுவார்கள். இந்தியா திரும்பினால், யுஜிசி நெட் தேர்வில் அரசியல், சர்வதேச உறவுகள் தாளுக்குள் அமெரிக்க ஆய்வும் சேர்த்தே வருகிறது. டெல்லி ஜேஎன்யுவில் கனடா, அமெரிக்கா, லத்தீன் அமெரிக்க ஆய்வு மையம் இருக்கிறது, பி.எச்டி. பக்கம் மனம் போனால் அது ஒரு வழி.

இதெல்லாம் கேட்ட பிறகும் அவளுக்கு ஆசை குறையவில்லையென்றால் சரியான ஆளைத்தான் பெற்றிருக்கிறீர்கள். வெளிநாடு போனால் போதும் என்ற ஆசை மட்டும்தான் என்றால், தயவுசெய்து இந்தப் படிப்பு வேண்டாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அந்த ஆறு துறைகளில் எதையெல்லாம் எடுப்பாய், எதைப் பற்றி ஆய்வேடு எழுதுவாய் என்று ஒரு மாலை உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசினால் விடுங்கள், பேச்சு உடனே ஐரோப்பிய டூருக்குப் போனால் எனக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் உடனே செய்ய வேண்டியவை. ஜெர்மனி போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்று, அதாவது நம் சான்றிதழ்களை ஜெர்மன் தூதரகத்தின் மையம் சரிபார்த்துத் தருவது, கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய், வாரக்கணக்கில் ஆகும், அதனால் கடைசி நிமிடத்துக்கு வைக்காதீர்கள். மூன்று வருட பி.ஏ. பட்டத்தை அவர்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்பதை அவள் பல்கலைக்கழகத்திடமே முன்கூட்டிக் கேட்க வேண்டும். அமெரிக்க இலக்கியத் தாளின் பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள், சேர்க்கையில் அந்தத் துறையில் எவ்வளவு படித்தாள் என்று பார்ப்பார்கள். ஜெர்மன் வகுப்பில் இந்த மாதமே சேரட்டும்.

பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலை நீங்கள் எழுதாதீர்கள், ஏஜென்டும் எழுத வேண்டாம். ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் கடிதத்தை அவளே எழுதட்டும், ஆங்கிலம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்த மாட்டேன், எங்கே நம்ப முடியவில்லை என்று மட்டும் குறித்து அனுப்புகிறேன்.