அறப்பணிக்கு அரைச் சம்பளமா?

கேள்வி: நான் எம்.எஸ்சி., பி.எட். முடித்தவள். ஒன்பது வருடமாக எங்கள் ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். வகுப்பறைக்குள் போய்விட்டால் எனக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. அல்ஜீப்ரா என்றாலே முழிக்கிற பிள்ளை ஒரு நாள் திடீரென்று, "அப்போ இவ்வளவுதானா மிஸ்?" என்று கேட்கும்போது வருகிற சந்தோஷமே தனி. சம்பளம்தான் ரொம்பக் குறைவு. ரசீதில் 22,000 ரூபாய். பி.எஃப். 1,800 போக 20,200 வங்கியில் ஏறும். மறுநாளே ஏடிஎம்மில் 6,200 எடுத்து, கவரில் போட்டு ஆபீஸ் ரூமில் கொடுத்துவிட வேண்டும். கிளார்க் ஒரு நோட்டில் டிக் அடித்துக்கொள்வார். மே மாதம் சம்பளம் கிடையாது. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் பள்ளியில்தான் இருக்கிறது. கணவர், "விட்டுத் தள்ளு, வீட்டில் இரு" என்கிறார். தாளாளர், "இது சேவைம்மா" என்கிறார். பிடித்த வேலையைப் பணத்துக்காக விடுவது சரியா? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்: டீச்சர், உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் மூன்றரைப் பக்கம் பிள்ளைகளைப் பற்றி. சம்பளத்துக்கு எட்டே வரி. அந்த எட்டு வரியிலும் "குறைவு" என்று அடக்கமாக ஒரு சொல். கணக்கு டீச்சருக்கு இது அழகில்லை. உங்களுக்குப் பேசிய சம்பளம் ஒன்றும் அவ்வளவு குறைவு இல்லை. கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு வேறு பெயர் உண்டு, அதை உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள்.

கரும்பலகையில் போடுகிற மாதிரி போட்டுப் பார்ப்போம். கையில் நிற்பது மாதம் 14,000. பதினோரு மாதத்துக்கு 1,54,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,000 கூட இல்லை. கவரில் போவது வருடத்துக்கு 68,200. நீங்கள் சம்பள உயர்வே கேட்க வேண்டாம். "எழுதியதைக் கொடுங்கள், மே மாதத்துக்கும் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டாலே வருடத்துக்கு 88,400 ரூபாய் கூடும்.

அந்தக் கவரால் இன்னொரு நஷ்டமும் உண்டு, அது உங்கள் கண்ணில் பட்ட மாதிரி தெரியவில்லை. ஈஎஸ்ஐ மருத்துவ வசதி மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளும் அதற்குள் வருகின்றன. நீங்கள் வாங்குவது 14,000. ஆனால் காகிதத்தில் 22,000 என்று இருப்பதால் உங்களை அதில் சேர்க்க வேண்டிய அவசியம் பள்ளிக்கு இல்லை. ஆக, உங்கள் கைக்கு வராத பணத்தைக் காட்டி, உங்களுக்கு வந்திருக்க வேண்டிய ஆஸ்பத்திரி வசதியும் போய்விட்டது.

சரி, "சேவைம்மா"வுக்கு வருவோம். "ஆசிரியப் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்ற வாசகம் உங்கள் ஸ்டாஃப் ரூம் சுவரில் இல்லாமல் இருக்காது. நல்ல வாசகம்தான். ஆனால் உங்கள் பள்ளியில் அர்ப்பணிக்கிற வேலை ஆசிரியர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. பெற்றோரிடம் ஃபீஸ் வாங்கும்போது யாரும் சேவை என்று சொல்லிக் குறைத்துக்கொள்வதில்லை. பஸ் டிரைவரிடம் டீசலை அர்ப்பணிக்கச் சொல்வதில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறார்கள், ஏனென்றால் உங்களுக்கு இந்த வேலை பிடித்திருப்பது அவர்களுக்குத் தெரியும். பிடிக்காமல் வேலை பார்ப்பவர் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பார்.

உங்கள் கேள்வியே கோணலாக நிற்கிறது. "பிடித்த வேலையை விடலாமா" என்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்தது கணக்கு, வகுப்பறை, அந்த "இவ்வளவுதானா மிஸ்". இவற்றில் எதுவும் அந்தத் தாளாளரின் சொத்து இல்லை. மூன்றரைப் பக்கத்தில் பள்ளியைப் பாராட்டி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. நீங்கள் விட வேண்டியது அந்தக் கட்டடத்தை. வேலையை விடச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். உங்கள் கணவருக்கும் இதையே சொல்லுங்கள். "வீட்டில் இரு" என்பது அக்கறையான பேச்சு மாதிரி கேட்கும். உங்கள் பணத்தைப் பள்ளி எடுத்துக்கொண்டால், அதற்கு நீங்கள் வேலையை இழக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

"வீட்டில் ட்யூஷன் எடுத்துச் சமாளி" என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஆசிரியர் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. ஊரில் யார் அதை மதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். பள்ளி தர வேண்டிய பணத்தை உங்கள் சாயங்காலம் ஏன் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அப்புறம், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதலில் சர்டிபிகேட். வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கும் முன் அது உங்கள் பீரோவுக்கு வந்துவிட வேண்டும். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதப் போகிறேன், சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினல் வேண்டும் என்று கேளுங்கள். பொய்யும் இல்லை. பணியில் இருக்கிற ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், டெட் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கும் எடுக்கிற உங்களுக்கு எப்படியும் அது தேவை. (டெட் தேறினாலே அரசு வேலை என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 2018 அரசாணைக்குப் பிறகு அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வும் இருக்கிறது.) தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். கல்விச் சான்றிதழ் விற்கிற பொருள் இல்லை, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்து, தாளாளரிடம் ஒரு தடவை பேசுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பேசுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்குகிற நேரம், கணக்கு டீச்சரின் அருமை எந்தத் தாளாளருக்கும் அப்போதுதான் தெரியும். கெஞ்ச வேண்டாம், குடும்பக் கஷ்டம் சொல்ல வேண்டாம். வீட்டு வாடகையையும் மாமியார் மருந்தையும் சொன்னால் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸோடு அனுப்பிவிடுவார்கள். "வருகிற ஜூனிலிருந்து கவர் கொடுக்க மாட்டேன், மே மாதச் சம்பளம் வேண்டும்." இரண்டே வாக்கியம். "பார்க்கலாம்மா" என்று பதில் வந்தால், அதற்கு "இல்லை" என்று அர்த்தம். அந்த வாரமே வேறு பள்ளி தேட ஆரம்பியுங்கள்.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விடுவது பாவமில்லையா என்று கடிதத்தில் ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாதியில் விடச் சொல்லவில்லை. பரீட்சை முடிந்து ஏப்ரலில் கிளம்புங்கள், பள்ளிகள் ஆள் எடுப்பதும் அந்தச் சமயத்தில்தான். அதற்கு அடுத்த வருடமும் ஒரு பத்தாம் வகுப்பு இருக்கும், அதை நினைத்து மறுபடி தங்கிவிடாதீர்கள்.

போகும்போது கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உரிமை. ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. 2009-ல் சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2022-ல் தோற்றன. கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். பெரும்பாலும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான் இதில் சேரும். உங்கள் ரசீதில் 22,000-மும் அப்படித்தான் என்றால், ஒன்பது வருடத்துக்கு 1,14,000-க்கு மேல் வரும். இந்த ஓர் இடத்தில் அவர்களுடைய காகிதம் உங்களுக்கு உதவுகிறது. தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். அதற்காகச் சம்பள ரசீது, பாஸ்புக், ஏடிஎம் சீட்டு எல்லாவற்றையும் இன்றிலிருந்து எடுத்து வையுங்கள்.

பி.எஃப். பணத்தை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். பத்து வருடப் பணிக்காலம் இருந்தால்தான் பென்ஷன். உங்களுக்கு ஒன்பது ஆகிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் எடுத்தால் பென்ஷன் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அதே யுஏஎன் எண்ணை (பள்ளி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதுப் பள்ளியில் கொடுத்துத் தொடருங்கள்.

"எல்லாப் பள்ளியும் இப்படித்தானே" என்று கேட்பீர்கள். நிறையப் பள்ளிகள் இப்படித்தான். ஆனால் ஒன்பது வருடமாக நீங்கள் வேறு ஒரு பள்ளியில்கூட விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லை. இன்டர்வியூவில் இப்போதைய சம்பளம் கேட்டால் 22,000 என்று சொல்லுங்கள், ரசீதில் அதுதான் இருக்கிறது. பிறகு நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். ஏறுகிற சம்பளம் முழுவதும் எனக்குத்தானா? மே மாதம் உண்டா? ஆர்டரில் எழுதித் தருகிறோம் என்றால் சேருங்கள். எதிரில் இருப்பவர் சுவரில் மாட்டியிருக்கும் வாசகத்தைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போங்கள்.