கீமோ சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் வாய்ப்புண்: களிம்பு போதுமா?

கேள்வி: எங்கள் 4 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி நடக்கிறது. 9 நாட்களாக வாய் முழுவதும் புண். இரண்டு நாட்களாகத் தண்ணீர்கூட விழுங்க மறுக்கிறான். கீமோவின் பக்கவிளைவுதான், தானாக ஆறிவிடும் என்கிறார் ஒரு மருத்துவர். ஹெர்பெஸ் வைரஸாக இருக்கலாம், ரத்தத்தில் எதிரணுப் பரிசோதனை செய்யுங்கள் என்கிறார் இன்னொருவர். வைரஸ் எதிர்ப்புக் களிம்பு தடவினால் போதுமா?

பதில்: போதாது. அந்தக் களிம்பு உதட்டின் வெளியே வரும் சிறு கொப்புளங்களுக்கானது; வாய்க்குள் தடவினால் எச்சிலோடு போய்விடும். தண்ணீர் குடிக்காத குழந்தையை இன்றே அவனுடைய புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். அவர்களைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிடவும் வேண்டாம்.

உங்களிடம் பேசிய இருவருமே பாதி சரி. கீமோ வாயின் மென்தோலைப் புண்ணாக்குவது உண்மைதான். ஆனால் அதே நாட்களில்தான் வெள்ளணுக்கள் குறைந்து, உடலில் உறங்கிக்கொண்டிருந்த ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸும் விழித்துக்கொள்கிறது. ஈறு, மேலண்ணம், நாக்கின் மேற்பரப்பு ஆகிய இடங்களில் புண் இருந்தால் ஹெர்பெஸ் என்ற சந்தேகம் வலுக்கும். என்றாலும் எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தைகளிடம் அது எங்கும் வரும். கொப்புளமே தெரியாமல் நேராக ஆழமான புண்ணாகவும் வரும். எவ்வளவு அனுபவமுள்ளவரானாலும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே பரிசோதனை தேவை. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட பரிசோதனை அல்ல. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதங்களான எதிரணுக்களை ரத்தத்தில் தேடும் ஐஜிஜி, ஐஜிஎம் பரிசோதனைகள் இந்தப் புண் எதனால் வந்தது என்பதைச் சொல்லாது. ஐஜிஜி இருந்தால் வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள்; ஐஜிஎம் பல நேரங்களில் வீணாகப் பயமுறுத்தும், எதிரணு உருவாக்கவே திணறும் உடலிலோ பொய்யாக ஆறுதல் சொல்லும். இருந்தும் இது பெரிய தொகுப்புகளில் சேர்த்து விற்கப்படுவதற்கு, பரிந்துரைப்பவருக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலான கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தேவையானது, புண்ணின் அடிப்பகுதியில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை. வெண்பூஞ்சையும் கூடவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வரட்டும் என்று மருந்தை நிறுத்திவைக்கும் வழக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. பல் மருத்துவர் தோல் மருத்துவரிடம் அனுப்ப, அவர் புற்றுநோய் பிரிவுக்குத் திருப்பியனுப்ப, இடையில் வார விடுமுறையும் சேர்ந்துகொள்ள, புண் உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கும். உங்கள் மகனைப் போன்ற நிலையில், மாதிரி எடுத்த கையோடு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ரத்தக்குழாய் வழியாகத் தொடங்க வேண்டும். வழக்கமாக எடைக் கணக்கில் அளவிட்டு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினாலோ உடலில் நீர் குறைவாக இருந்தாலோ அது சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். எனவே போதிய திரவமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் உண்டா என்று நீங்களே கேட்கலாம். விழுங்கத் தொடங்கிய பிறகு மாத்திரைக்கு மாறலாம்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முறையாக மருந்து கொடுத்தும் 5 முதல் 7 நாட்களில் புண் சுருங்கவில்லை என்றால், வைரஸ் அந்த மருந்துக்கு அடங்காததாக மாறியிருக்கலாம். அசைக்ளோவிர் வேலை செய்வதற்கு வைரஸின் சொந்த நொதி ஒன்று அதைத் தூண்டிவிட வேண்டும். மரபணு மாற்றத்தால் அந்த நொதியை இழந்த வைரஸிடம் மருந்து பலிக்காது. வாலசைக்ளோவிருக்கு மாற்றுவதும் வீண், ஏனெனில் அது உடலுக்குள் அசைக்ளோவிராகத்தான் மாறுகிறது. ஆரோக்கியமான குழந்தைகளில் அரிதான இது, எதிர்ப்புச் சக்தி நீண்டகாலம் குன்றியவர்களிடம், குறிப்பாக எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களிடம் வருகிறது. அப்போது ஃபாஸ்கார்னெட் என்ற மருந்து தேவைப்படும். அதுவும் சிறுநீரகத்தைச் சோதிப்பதுதான், ரத்தத்தின் கால்சியம் அளவையும் குலைக்கும். ஆனால் மூன்றாம் நாளே பயந்து மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள். வெள்ளணுக்கள் ஏறாதவரை புண் மெதுவாகத்தான் ஆறும்.

வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு வாய்ப்பசையைத் தடவ வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் ஜெல்லையும் நீங்களாகப் பூச வேண்டாம். சிறு குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று டானிக் விற்பவர்கள் மருத்துவமனை வாசலிலேயே நிற்பார்கள், கடந்து போய்விடுங்கள்.

புண் ஆறினாலும் வைரஸ் நரம்பு முடிச்சில் தங்கிவிடும். எனவே அடுத்த சுற்று கீமோவுக்கு முன், தடுப்பாக அசைக்ளோவிர் கொடுக்க வேண்டுமா என்று அவனுடைய மருத்துவரிடம் கேளுங்கள்.