மீன் பாப்பர்ல அடிக்குது, ஆனா மாட்டல

மீன் அடிச்சு தண்ணி தெறிச்ச உடனே தூண்டில் ராட தூக்காதீங்க, லைன்ல கனம் தெரிஞ்சப்புறம் இழுங்க. சிங்கப்பூர் லோவர் சிலேத்தார் ரிசர்வாயர்ல பீக்காக் பாஸ் மீன் பாப்பர (தண்ணி மேல சத்தம் போடுற லூர், அதாவது செயற்கை இரை) அடிச்சு அடிச்சு விட்டுடுதுன்னு கேட்டிருக்கீங்க, பெரும்பாலும் சத்தம் கேட்டதும் நம்ம கை பதறிடும், மீன் வாயில கவ்வுறதுக்குள்ள லூர் பறந்துடும்.

ஹூக்கையும் பாத்துடுங்க. முனைய நகத்து மேல வச்சு லேசா இழுங்க, வழுக்குச்சுன்னா மழுங்கிடுச்சு, மாத்துங்க.

ஆனா மீன் பின்னாடியே வந்து சுழிச்சுட்டு லூர தொடாமலே திரும்புதுன்னா இதெல்லாம் உதவாது. தண்ணி அசையாம கிடக்கறப்ப பாப்பர் சத்தமே மிரட்டிடும், அப்ப பென்சில் (குச்சி மாதிரி நீளமான லூர்) போட்டு ராட் நுனிய தட்டித் தட்டி இடம் வலமா ஆட்டிக் கொண்டுவாங்க (எனக்கு எப்பவும் பென்சில்தான் புடிக்கும்).

கடுப்புல உயிர் எறா போட்டுறாதீங்க, நம்ம ரிசர்வாயர்ல செயற்கை இரை மட்டும்தான், அதுவும் அனுமதிச்ச இடத்துல.