வாசகர் கேள்வி – பதில்: டேட்டன்காரர்கள்

கேள்வி: என் மகள் மேல்படிப்புக்காக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரத்துக்குப் போகிறாள். ரைட் சகோதரர்களின் ஊர் என்று மட்டும் தெரியும். ஆனால் அவர்கள் பறந்தது வேறு எங்கோ என்று படித்தேன். எது சரி?

இரண்டுமே சரி. 1903 டிசம்பர் 17-ல் அவர்களுடைய விமானம் முதலில் எழும்பியது வட கரோலினாவில், கிட்டி ஹாக் பக்கத்துக் கடற்கரை மணலில். அங்கே காற்று பலமாக அடிக்கும், விழுந்தாலும் மணல்தான். ஆனால் அந்த விமானத்தை யோசித்ததும் செய்ததும் டேட்டனில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய சைக்கிள் கடையில். அண்ணன் வில்பர் பிறந்தது இண்டியானாவில்; தம்பி ஆர்வில் 1871-ல் டேட்டனிலேயே பிறந்தவர். இரண்டு பேரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கிட்டி ஹாக்கில் அன்று பறந்த நான்கு தடவையில் மிக நீண்டது 59 விநாடி, 852 அடி. அதை வைத்துக்கொண்டு யாரும் எங்கேயும் போக முடியாது. வளைந்து, வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறங்குகிற விமானமாக அது மாறியது டேட்டனுக்கு வெளியே எட்டு மைல் தள்ளி, ஹஃப்மன் ப்ரெய்ரி என்ற மேய்ச்சல் நிலத்தில். நிலத்துக்காரர் வாடகை கேட்கவில்லை, பறப்பதற்கு முன் மாடுகளையும் குதிரைகளையும் வெளியே ஓட்டிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். 1905 அக்டோபர் 5 அன்று வில்பர் அந்த நிலத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றி 39 நிமிடம், 24 மைல் பறந்தார். நிலத்தின் ஓரமாகவே டிராம் ஓடியது, ஆனாலும் உள்ளூர்ப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய வருடமே அங்கே நடந்த பறத்தலைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய முதல் கட்டுரை 1905 ஜனவரியில் ஒரு தேனீ வளர்ப்புப் பத்திரிகையில் வந்தது! அதை நடத்திய ஏமஸ் ரூட் ஓஹையோவின் இன்னொரு ஊரிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் சார்லி டெய்லர், சைக்கிள் கடையில் கூலிக்கு வேலை பார்த்த மெக்கானிக். விமானத்துக்கு ஏற்ற எடை குறைவான எஞ்சினை எந்தக் கம்பெனியும் செய்து தராதபோது, ஆறே வாரத்தில் கடையிலேயே 12 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்து கொடுத்தார். பிற்காலத்தில் வறுமையில் வாடி 1956-ல் இறந்தார். இன்னொருவர் தங்கை கேத்தரின். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கிய ஒரே பிள்ளை, டேட்டனில் லத்தீன் ஆசிரியை. 1908-ல் ஆர்வில் விமானத்தோடு விழுந்து பலத்த அடிபட்டபோது பள்ளியில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அப்புறம் ஐரோப்பாவில் அண்ணன்மார் சார்பில் மன்னர்களோடும் பத்திரிகைக்காரர்களோடும் பேசிப் பழகியவரும் அவர்தான். இந்த இரண்டு பேரையும் சேர்க்காமல் ரைட் சகோதரர்கள் என்று சொல்வது பாதிக் கதை.

கேள்வி: ஆர்வில் ரைட்டோடு ஒரே வகுப்பில் ஒரு கறுப்பினக் கவிஞர் படித்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. பால் லாரன்ஸ் டன்பார். உங்கள் கேள்விக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தேன் என்றே சொல்வேன், டேட்டன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அவர்தான்.

1872-ல் டேட்டனில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். அப்பா உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து சண்டை போட்டவர். அம்மா மட்டில்டா துணி வெளுத்துப் பிழைத்தபடி மகனுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். சென்ட்ரல் ஹைஸ்கூலில் அவருடைய வகுப்பில் கறுப்பின மாணவர் அவர் ஒருவர்தான். அங்கே பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியரும் அவரே, இலக்கிய மன்றத் தலைவரும் அவரே. ஆர்வில் அப்போது அண்ணனோடு ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். டேட்டனின் கறுப்பின மக்களுக்காக டன்பார் 1890-ல் 'டேட்டன் டாட்லர்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தபோது அதை அச்சடித்துக் கொடுத்தது அந்த அச்சகம். பணம் இல்லாமல் சில இதழ்களோடு அது நின்றுபோனது.

இனிமேல்தான் மனசு கனக்கிற பகுதி. ஆர்வில் பள்ளிப் படிப்பை முடிக்காமலே விட்டவர். டன்பார் 1891-ல் முடித்தவர், அதுவும் ஊரே அறிந்த மாணவராக. ஆர்வில் கடை திறந்தார். டன்பார் பத்திரிகை அலுவலகங்களிலும் மற்ற அலுவலகங்களிலும் எழுதுகிற வேலை தேடிப் பார்த்தார், தோலின் நிறத்தைப் பார்த்து எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கிடைத்தது கேலஹன் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிற வேலை, வாரத்துக்கு 4 டாலர். லிஃப்ட் காலியாக இருக்கும் நேரத்தில் எழுதினார். முதல் கவிதைத் தொகுப்பைத் தன் செலவில் அச்சிட 125 டாலர் ஆனது, லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களிடமே பிரதி ஒரு டாலருக்கு விற்று அந்தக் கடனை அடைத்தார். ஒரே பள்ளி, ஒரே தெருக்கள், அச்சகத்துக் காலத்திலிருந்து நட்பு, ஆனாலும் அந்த ஊர் இரண்டு பேரையும் ஒன்றாக நடத்தவில்லை.

1896-ல் அந்தக் காலத்தின் பெரிய விமர்சகர் வில்லியம் டீன் ஹவல்ஸ் பாராட்டி எழுத, அமெரிக்கா முழுவதும் பெயர் பரவியது. ஆனால் ஹவல்ஸ் தூக்கிப் பிடித்தது கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் எழுதிய கவிதைகளை. அதற்குப் பிறகு வாசகர்களும் பதிப்பாளர்களும் அதையே கேட்டார்கள், அவர் தரமான இலக்கிய ஆங்கிலத்தில் எழுதியவற்றைக் கண்டுகொள்ளவில்லை, அது அவரைக் கடைசிவரை வருத்தியது. கூண்டுப் பறவை ஏன் பாடுகிறது என்று எனக்குத் தெரியும் என்ற வரி அவருடையது. கறுப்பின எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ 1969-ல் தன் சுயசரிதைக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டது அந்த வரியைத்தான். காச நோயால் 1906-ல் இறந்தபோது டன்பாருக்கு வயது 33. அம்மாவுக்காக அவர் வாங்கிய வீடு இன்றும் டேட்டனில் நினைவில்லமாக இருக்கிறது. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் விமானத்தைப் பார்க்கும் முன்பு அந்த வீட்டைப் பாருங்கள்.

கேள்வி: கடைகளில் இருக்கும் கேஷ் ரிஜிஸ்டர் அந்த ஊரில்தான் பிறந்ததாமே?

ஆமாம். டேட்டனில் சாராயக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, வேலைக்காரர்கள் கல்லாவில் கை வைப்பதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும்போது, கப்பலின் சுழலி எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார், அதே போல விற்பனையை எண்ணலாமே என்று தோன்றியது. 1879-ல் காப்புரிமை வாங்கினார். 1884-ல் அந்தத் தொழில் ஜான் பேட்டர்சன் கைக்கு வந்தது. அவர்தான் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர், சுருக்கமாக என்.சி.ஆர்., என்ற பிரம்மாண்டமான கம்பெனியை உருவாக்கினார்.

பேட்டர்சன் சுலபமான மனிதர் இல்லை. போட்டிக் கம்பெனிகளை நசுக்கியதாக 1913 பிப்ரவரியில் அவருக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே கிரேட் மியாமி ஆறு பெருக்கெடுத்து டேட்டன் நகரத்தின் நடுப்பகுதியை மூழ்கடித்தது. என்.சி.ஆர். தொழிற்சாலை மேட்டில் இருந்ததால் தப்பியது. பேட்டர்சன் உற்பத்தியை நிறுத்திவிட்டுத் தச்சர்களைப் படகு செய்யச் சொன்னார், கிட்டத்தட்ட 300 தட்டையான படகுகள். தொழிற்சாலை மக்களுக்குச் சமையலறையாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறியது. (ரைட் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது, முதல் பறத்தலைப் படமெடுத்த கண்ணாடி நெகட்டிவின் ஒரு மூலை அதில்தான் கெட்டுப்போனது.) பின்னால் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. வெள்ளத்தில் பரண்மேல் ஏறி உயிர் பிழைத்த மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நிதி திரட்டி, பொறியாளர் ஆர்தர் மார்கன் தலைமையில் 1922-க்குள் ஐந்து அணைகள் கட்டி முடித்தார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒரு வெள்ளம் அந்த ஊருக்குள் வரவில்லை. டேட்டன் தந்த பெரிய மனிதர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், பெயர் தெரியாத அந்த ஊர் மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: ஒரே ஊரிலிருந்து எப்படி இத்தனை பேர்? மண் வாசியா?

மண் வாசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்.சி.ஆரைச் சுற்றி அங்கே இரும்பு, பித்தளை வேலை தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் இருந்தன, எந்தத் தெருவிலும் ஒரு பட்டறை இருந்தது, ஒரு உதிரிபாகம் வேண்டும் என்றால் மறுநாளே செய்து வாங்கலாம். திறமைசாலிகள் வெளியூரிலிருந்தும் அங்கே வேலைக்கு வந்தார்கள். சார்ல்ஸ் கெட்டரிங் ஓஹையோ கிராமத்தில் பிறந்தவர், என்.சி.ஆருக்கு வந்து கேஷ் ரிஜிஸ்டருக்கு மின் மோட்டார் வைத்தார். கொஞ்ச நேரம் மட்டும் அதிக விசையில் ஓடும் மோட்டார் போதும் என்ற அந்த யோசனைதான் பிறகு காரைச் சாவியோ பொத்தானோ கொண்டு கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டர் ஆனது. 1912 காடிலாக் காரில் அது வந்தது. முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கை முறித்துக்கொண்ட காலம் மெல்ல முடிந்தது. நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் வேலைநேரம் போக ராத்திரிகளில் ஒரு கூட்டமே கூடி உழைத்துச் செய்தது அது.

அதே கெட்டரிங்கின் ஆய்வுக் கூடத்தில்தான் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் போனது, உலகம் முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது நேர்மையில்லை.

கேள்வி: டேட்டன்காரர்களில் அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்லுங்கள்.

ஜோசப் டெஷ். 1907-ல் டேட்டனில் பிறந்து, டேட்டன் பல்கலைக்கழகத்தில் படித்து, என்.சி.ஆரில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தில் அனுப்பிய ரகசியச் செய்திகளை உடைக்க அமெரிக்கக் கடற்படைக்கு வேண்டியிருந்த 'பாம்' (Bombe) என்ற இயந்திரங்களை வடிவமைத்தார். ஏறத்தாழ 120 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் இரண்டரை டன் எடை. அவற்றுக்குக் கம்பி இணைத்தவர்கள் கடற்படையின் சுமார் 600 பெண்கள், எதற்காகச் செய்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. டெஷ்ஷுக்கு 1947-ல் உயரிய விருது ஒன்றை ரகசியமாகக் கொடுத்தார்கள். அவர் அதைப் பற்றி வெளியே பேச முடியாமலே வாழ்ந்து 1987-ல் இறந்தார். அவர் வேலை பார்த்த கட்டடத்தை 2008-ல் இடித்துவிட்டார்கள், அது இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: சினிமா, விளையாட்டு என்று யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். 'காந்தி' படத்தில் அமெரிக்க நிருபராக வரும் மார்ட்டின் ஷீன் 1940-ல் டேட்டனில் பிறந்தவர், இயற்பெயர் ரமோன் எஸ்தேவெஸ். ஸ்பெயினிலிருந்து குடியேறிய அப்பாவுக்கு வேலை, எதிர்பார்த்ததுதான், என்.சி.ஆரில். விளையாட்டில் எட்வின் மோசஸ், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அவர் படித்த மோர்ஹவுஸில் ஓடுகளமே கிடையாது. 1976-ல் மாண்ட்ரியலிலும் 1984-ல் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிம்பிக் தங்கம். நடுவில் 1980 மாஸ்கோ போட்டியை அமெரிக்கா புறக்கணிக்காமல் இருந்திருந்தால் மூன்றாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் 1977-லிருந்து 1987 வரை தொடர்ந்து 122 பந்தயங்களில் அவரை யாருமே ஜெயிக்கவில்லை.