வெராகிரிப்ட் பேக்கப் டிஸ்க்: உள்ளே எந்த ஃபார்மட்?

வணக்கம் நண்பரே. வெராகிரிப்ட் (டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் மென்பொருள்) கொண்டு பூட்டிய பேக்கப் டிஸ்க்கில் பெரிய வீடியோ ஏறவில்லை, உள்ளே எந்த ஃபார்மட் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். 2 டெராபைட் டிஸ்க்கில் 900 ஜிபி காலியாக இருந்தும் 6 ஜிபி வீடியோ ஏறவில்லை என்றால் காரணம் ஃபேட்32 என்ற ஃபார்மட் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை). அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விண்டோஸ், லினக்ஸ் மின்ட் இரண்டிலும் திறக்க வேண்டும் என்கிறீர்கள். எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் இரண்டிலும் ஓடும், ஆனால் அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. எழுதும்போது கேபிள் ஆடினால் கோப்புப் பட்டியலே குழம்பலாம். பேக்கப்புக்கு நான் ஜர்னல் உள்ள என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டைத்தான் சொல்வேன். மின்ட்டில் அது திடீரென்று 'படிக்க மட்டும்' என்று திறந்தால், வால்யூமை (பூட்டிய பகுதியை) விண்டோஸில் மவுன்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, செக்டிஸ்க் என்ற பிழை சரிசெய்யும் கருவியை ஓட்டுங்கள். லினக்ஸின் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கருவி முழு ரிப்பேர் செய்யாது.

மின்ட்டின் ஹோம் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடாதீர்கள், கோப்புகளை யார் திறக்கலாம், மாற்றலாம் என்ற அனுமதிகள் தொலையும். டார் கோப்பாக (எல்லாவற்றையும் அனுமதிகளோடு ஒன்றாகக் கட்டும் ஒரே கோப்பு) கட்டிப் போடுங்கள்.

இனி முக்கியமானது. டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். பூட்டிய பகுதி அதன் கண்ணுக்கு வெறும் குப்பை, அதனால்தான். பழக்கத்தில் ஓகே அழுத்தினால் வால்யூமின் ஹெடர் (அதைத் திறக்கத் தேவையான தகவல் உள்ள தொடக்கப் பகுதி) அழியும். பிறகு சரியான பாஸ்வேர்டு போட்டாலும் வழக்கம்போல் திறக்காது. எனவே டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனின் டிரைவ் எழுத்தை நீக்கிவிடுங்கள், அதன் பிறகு கேட்காது. வெராகிரிப்டின் டூல்ஸ் மெனுவில் வால்யூம் ஹெடரை பேக்கப் எடுத்து வேறொரு பென்டிரைவில் வையுங்கள்.

ஃபார்மட்டை மாற்ற வால்யூமைப் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, மவுன்ட் ஆன எழுத்தின் மேல் விண்டோஸ் ஃபார்மட் கொடுத்தால் போதும். எந்த எழுத்து என்று இருமுறை பாருங்கள்!