ஹுவேயில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? உங்கள் இன்டர்நேஷனல் லைசென்ஸ் அங்கே செல்லாது

கேள்வி: நானும் மனைவியும் வியட்நாம் போகிறோம். ஹுவே நகரில் இரண்டு நாள் தங்கல். 125 சிசி ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து அரசர்களின் சமாதிகளைப் பார்த்துவிட்டு, அதே வண்டியில் ஹை வான் கணவாய் வழியாக டா நாங் போகத் திட்டம். ஆர்.டி.ஓ. ஆபீசில் 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். முன்பு தாய்லாந்தில் இப்படித்தான் ஓட்டினேன். டிராவல்ஸ்காரர் இன்சூரன்ஸும் போட்டுவிட்டார். ஆனால் வியட்நாமில் இந்த லைசென்ஸ் செல்லாது என்கிறார் ஒரு நண்பர். வாடகைக் கடைக்காரரோ, ‘நோ பிராப்ளம்’ என்று மெசேஜ் அனுப்புகிறார். யாரை நம்புவது?

பதில்: நண்பரை நம்புங்கள். 125 சிசி ஸ்கூட்டரை எடுக்காதீர்கள்.

உங்களிடம் இருக்கும் சிறு புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள். 1949 என்ற வருடம் அச்சிட்டிருக்கும். இந்தியா அந்த வருடத்து ஜெனீவா ஒப்பந்தப்படிதான் ஐ.டி.பி. என்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத் தருகிறது. வியட்நாம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அது 2014இல் சேர்ந்தது 1968ஆம் வருடத்து வியன்னா ஒப்பந்தத்தில். அதன்படி கொடுத்த அனுமதியைத்தான் அந்த ஊர்ச் சட்டம் ஏற்கும். தாய்லாந்து 1949 ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் அங்கே உங்களுக்குச் சிக்கல் வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். உங்கள் புத்தகம் போலி இல்லை, அசல்தான். வியட்நாமுக்கு மட்டும் உதவாது.

இதை உங்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே சொல்லியிருக்க வேண்டும். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குகிறார்கள். ‘வியட்நாம்’ என்று பார்த்ததும், ‘அங்கே இது செல்லாதுங்க’ என்று ஒரு வரி சொல்ல என்ன செலவு? எந்தெந்த நாட்டில் செல்லும் என்று ஒரு பட்டியலை அச்சடித்து கவுண்டர் பக்கத்தில் ஒட்டினால்கூடப் போதும். பணத்தை வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மனிதர் வேற்று நாட்டுச் சாலையில் அடிபட்டுக் கிடக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

அடுத்ததாக இணையத்தில் ‘வியட்நாமில் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸ், போட்டோ அனுப்பினால் போதும், மூன்று வருடம் செல்லும்’ என்று விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 1968 ஒப்பந்தப்படி அனுமதி தர எந்தத் தனியார் இணையதளத்துக்கும் அதிகாரம் கிடையாது. அந்த அட்டையைக் காட்டுவது வெறுங்கையோடு நிற்பதைவிட மோசம். போலி ஆவணம் காட்டினார் என்று இன்னொரு வம்பு சேரும்.

சரி, மாட்டினால் என்ன ஆகும்? 2025 ஜனவரியிலிருந்து அபராதத்தைக் கூட்டியிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் 125 சிசி வரையுள்ள வண்டி ஓட்டினால் 20 முதல் 40 லட்சம் டாங். நம் பணத்தில் தோராயமாக 7,000 முதல் 13,000 ரூபாய் வரும். அதற்கு மேற்பட்ட வண்டி என்றால் 60 முதல் 80 லட்சம் டாங். வண்டியையும் பிடித்து வைக்கலாம். அது நிற்கும் நாட்களுக்கும் கடைக்காரர் உங்களிடம்தான் வாடகை கேட்பார்.

என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் போலீஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பயணக் காப்பீட்டு இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்ப்பது என் தொழில். அபராதத்தால் யாரும் அழிந்து நான் பார்த்ததில்லை. கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய பிறகு, ‘சம்பவ நேரத்தில் அந்நாட்டில் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லை, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்று வரும் கடிதம்தான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. டிராவல்ஸ்காரர், ‘இன்சூரன்ஸ் போட்டாச்சு சார்’ என்றாரே, எதற்குப் போட்டிருக்கிறார் என்று கேட்டீர்களா? பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, இதெல்லாம் அதில் இருக்கும். பாலிசியின் பின்பக்கங்களில் விலக்குகள் என்று ஒரு பகுதி வரும். இருசக்கர வண்டி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே தேடுங்கள். சிலவற்றில் உரிய லைசென்ஸ் இருந்தால் மட்டும் என்று போட்டிருக்கும். சிலவற்றில் பைக்கே கிடையாது. விற்றவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார். அவருக்குக் கமிஷன் வந்தாயிற்று.

எதிரே வந்தவருக்கு அடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி உயிர்ச்சேதம் ஏற்படுத்துவது வியட்நாம் குற்றவியல் சட்டத்தில் தண்டனையைக் கூட்டும் காரணம். ‘வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு’ என்று கடைக்காரர் சொல்வது மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீட்டை. உங்கள் காலுக்கோ அவருடைய வண்டிக்கோ அதில் காசு வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கவனமாகப் படியுங்கள், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 50 சிசிக்கு மேற்படாத சிறு வண்டிக்கு வியட்நாமில் லைசென்ஸ் தேவையில்லை. 16 வயது ஆகியிருந்தால் போதும். மின்சார வண்டியிலும் இந்த வகை உண்டு. ஆனால் மின்சார வண்டி என்றாலே லைசென்ஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மோட்டாரின் திறன் 4 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும், வடிவமைப்பு வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தாண்டினாலும் அது மோட்டார் சைக்கிள்தான், லைசென்ஸ் வேண்டும். கடையில், ‘இது எலெக்ட்ரிக், கவலை வேண்டாம்’ என்று நீட்டும் வண்டி 60, 70 வேகத்தில் ஓடும் வண்டியாக இருக்கலாம். வாய்வார்த்தையை எடுத்துக்கொள்ளாமல் வண்டியின் பதிவு அட்டையைக் கேளுங்கள். எந்த வகை என்று அதில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் தங்கும் விடுதியில் காட்டிக் கேளுங்கள். அதைப் போட்டோ எடுத்து உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு, ‘உள்ளூர்ச் சட்டப்படி லைசென்ஸ் தேவைப்படாத இந்த வண்டியை ஓட்டும்போது விபத்து நடந்தால் மருத்துவச் செலவு கிடைக்குமா?’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனில், ‘ஆமாம்’ என்று சொன்னவரைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தில், ‘கிடைக்கும்’ என்று வந்தால் எடுங்கள். பதிலே வராவிட்டால் எடுக்காதீர்கள். சட்டம் லைசென்ஸ் கேட்கவில்லை என்பது ஒன்று, பாலிசி கேட்கவில்லை என்பது வேறொன்று.

அப்படி எடுத்தாலும் அசல் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். 1967ஆம் வருடத்து பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. அது கடைக்காரர் மேசை டிராயருக்குள் போய்விட்டால், பழைய கீறலுக்கு அவர் கேட்கும் பணத்தைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும், உங்களுக்கு மறுநாள் விமானம் என்பது அவருக்குத் தெரியும். நகலும் ரொக்க முன்பணமும் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. வண்டியைச் சுற்றி வந்து, கடைக்காரரும் தெரியும்படி வீடியோ எடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒரு டம்ளர் பீர் குடித்திருந்தாலும் ஓட்டக் கூடாது, அங்கே அனுமதிக்கும் அளவு பூஜ்யம்.

இனி உங்கள் இரண்டு நாள். ஹுவேயைப் பார்க்க ஸ்கூட்டரே தேவையில்லை. 1802 முதல் 1945 வரை ஙுயென் வம்சத்தின் தலைநகரம் அது. கோட்டையின் வெளிச்சுவர் சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவு. ஙோ மோன் வாசல் வழியாக அரண்மனைக்குள் போய்விட்டால் அப்புறம் எல்லாம் நடைதான், அரை நாள் ஓடிவிடும். ஏழு நிலைக் கோபுரம் கொண்ட தியென் மு கோயிலுக்கு ஆற்றங்கரையோரமாக சைக்கிளில் போகலாம், சமதரை. படகிலும் போகலாம்.

சமாதிகள்தான் தள்ளி இருக்கின்றன. மின் மாங்கின் சமாதி நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு ஓட்டுநரோடு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்தும் போகலாம், உங்கள் இருவருக்கும் இரண்டு பைக். பின்சீட்டுப் பயணத்துக்குப் பாலிசியில் இடம் உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். மின் மாங், து டுக், காய் டின் ஆகிய மூன்று அரசர்களின் சமாதிகளையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். து டுக்கின் சமாதியில் குளமும் மரமண்டபமும் உண்டு, காலையில் அங்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காய் டின்னுடையது 1920இல் தொடங்கி 1931இல் முடிந்தது. வெளியே கறுத்துப்போன சிமென்ட், உள்ளே சுவர் முழுக்க உடைந்த பீங்கானும் கண்ணாடியும் பதித்த வேலைப்பாடு. கிட்டே போய்ப் பாருங்கள், பூவிதழ் ஒவ்வொன்றும் தனித்தனிச் சில்லு.

ஹை வான் கணவாயை மட்டும் எந்தச் சிறு வண்டியிலும் முயல வேண்டாம். சுமார் 20 கிலோமீட்டர் மலை வளைவு, மழையும் மூடுபனியும் அடிக்கடி வரும். வேண்டாமென்று சுரங்கப்பாதைக்குத் திரும்பினால் அதற்குள் பைக்கை ஓட்ட விடமாட்டார்கள். காரில் போனால் உச்சியில் நிறுத்திப் பார்க்கலாம். இல்லையென்றால் ரயிலேறுங்கள். ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயில் அந்த மலையின் கடலோரமாகத்தான் வளைந்து போகிறது. டிக்கெட் எடுக்கும்போது போகும் திசைக்கு இடப்பக்க ஜன்னல் இருக்கை கேளுங்கள், கடல் அந்தப் பக்கம்.